ஜிடிஐ-க்கு விண்டர் டயர்: 16-ஆ, 17-ஆ, இருக்கிற 18-ஏ போதுமா?

2023 அக்டோபரில் எனக்கிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: என் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காருக்கு எந்த விண்டர் டயர், எத்தனை இன்ச் ரிம்மில் வாங்கலாம்? கனடாவில், டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் குனிந்து, முன் சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, முதல் பிறேக்கைப் பாப்பம். பிறகு சில்லு. ரயரைக் கடைசியாக் கதைப்பம்” என்றார். சில்லு என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் சக்கரம். கோயம்புத்தூர்க்காரனான எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சொன்ன வரிசை ஏன் அப்படி என்று புரிய ஒரு வாரம் ஆனது.

இரண்டு குளிர்காலம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், அந்த வரிசைதான் சரி. சாதாரண கரோலா, சிவிக் என்றால் டயர் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடலாம். ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் என்றால் அப்படி முடியாது. பிரேக் பெரிது, டயரின் பக்கச்சுவர் ஒல்லி, இன்ஜின் கொஞ்சம் அவசரக்காரன். இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் கையில் இருக்கும் வழிகளைப் பாதியாகக் குறைத்துவிடும், டயர் கடைக்குள் நுழைவதற்கு முன்பே.

என் வண்டி 2018 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஏழாம் தலைமுறை, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்ட். இரண்டு லிட்டர் டர்போ, 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), அதுவும் 1,500 ஆர்பிஎம் தாண்டும்போதே முழுசாக வந்து நிற்கும். அத்தனையும் முன் சக்கரம் இரண்டுக்கே போகிறது. வாங்கும்போது அதில் 225/40 ஆர் 18 அளவில் ஆல்-சீசன் டயர்கள் இருந்தன. அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் (ப்ரொஃபைல்) அதில் 40 சதவிகிதம், ரிம் 18 இன்ச் என்று அர்த்தம். முதல் குளிர்காலத்தை அதிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஜனவரியில் ஒரு காலை, மிசிசாகாவில் சிக்னலுக்காக பிரேக் மிதித்தேன், வேகம் முப்பதுகூட இருக்காது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் கடகடவென்று மிதியில் தட்டுகிறதே தவிர வண்டி நிற்கிற வழியைக் காணோம். முன்னால் யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம். அடுத்த மாதமே ஒரு குழியில் இறங்கி 18 இன்ச் ரிம் ஒன்று உள்பக்கம் வளைந்தது. பகலில் உருகி ராத்திரியில் உறையும் தண்ணீர் தார் ரோட்டைப் பிளந்துவிடும், பிப்ரவரி, மார்ச்சில் குழி இல்லாத தெருவே இருக்காது. 40 ப்ரொஃபைல் டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 90 மி.மீ. ரப்பர்.

சரி, பிரேக்குக்கு வருவோம்.

ஏழாம் தலைமுறை ஜிடிஐ இரண்டு விதமான முன் பிரேக்கோடு வந்தது. ஒன்றில் டிஸ்க் 312 மி.மீ., பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் உள்ளவற்றில் 340 மி.மீ. இரண்டிலும் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சிவப்புதான், அதனால் நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிரேக் ரிம்முக்குள் அடங்க வேண்டும். 312 என்றால் பல 16 இன்ச் ரிம்கள் ஏறும், எல்லாமே ஏறும் என்று சொல்ல முடியாது, ரிம்மின் உள்வடிவத்தைப் பொறுத்தது. 340 என்றால் 16-ஐ மறந்துவிடுங்கள், 17-லும் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான். என்னுடையது 340. அந்த ஒரு நிமிடத்தில் நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்த மலிவான 16 இன்ச் ஸ்டீல் ரிம் திட்டம் காலி.

ஆனாலும் உங்கள் வண்டியில் சின்ன பிரேக் இருக்கலாம், அல்லது உங்களுடையது வேறு ஹேட்ச்பேக்காக இருக்கலாம். அதனால் 16-ஐயும் நியாயமாக எடைபோட்டுவிடுகிறேன். 205/55 ஆர் 16 என்பது உலகத்தில் அதிகமாக ஓடும் டயர் அளவுகளில் ஒன்று. எந்தக் கம்பெனியும் அதில் செய்யாமல் இருக்காது, அதனால் விலையும் குறைவு. பக்கச்சுவர் 113 மி.மீ. கிட்ட இருக்கும், குழியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டீல் ரிம் உப்புக்கு அழுக்காகும், துருப் பிடிக்கும், ஆனால் அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வளைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கனம் அதிகம், பார்க்க டெலிவரி வண்டி மாதிரி இருக்கும், அவ்வளவுதான் குறை. 312 பிரேக் வைத்திருக்கும் நண்பருக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். அவர் கேட்கமாட்டார், கருப்பு அலாய் போட்டால்தான் வண்டி வண்டியாகத் தெரியும் என்பார், அது அவர் காசு.

மொத்த விட்டம் மாறக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி, ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 225/40 ஆர் 18-க்கு விட்டம் 637 மி.மீ. 225/45 ஆர் 17-க்கு 634. 205/50 ஆர் 17-க்கு 637. 205/55 ஆர் 16-க்கு 632. எல்லாமே ஒரு சதவிகித வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும், ஸ்பீடோமீட்டர் கண்டுகொள்ளாது. எதைப் போட்டாலும் வண்டியின் உயரமும் அப்படியேதான் இருக்கும். மாறுவது ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையிலான பங்கு மட்டும்.

அடுத்தது, இருக்கிற 18 இன்ச் ரிம்மிலேயே விண்டர் டயரை மாட்டி, வருஷத்துக்கு இரண்டு தடவை டயரை மட்டும் கழற்றி மாற்றுவது. நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், கையில் இருந்து போகும் முதல் தொகை குறைவு என்பதால். நான் அப்போது கேட்டு வைத்த விலைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன், கனடா டாலரில், 13 சதவிகித வரி தனி. 18 இன்ச் விண்டர் டயர் ஒன்று சுமார் 310, நான்குக்கு 1,240. ஒவ்வொரு மாற்றுக்கும் கழற்றி, மாட்டி, பேலன்ஸ் செய்ய 140, வருஷத்துக்கு 280. இன்னொரு பக்கம் 17 இன்ச் டயர் ஒன்று 260, சாதாரண அலாய் ரிம் ஒன்று 170, புது போல்ட்டுகள் 60, ஒரே ஒரு தடவை மாட்டும் கூலி 120, ஆக மொத்தம் 1,900. சக்கரத்தோடு மாற்றுவது என்றால் கராஜில் ஒரு தடவைக்கு 80, வீட்டில் நீங்களே செய்தால் ஒன்றுமில்லை.

இதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வீட்டிலேயே மாற்றுகிறவருக்கு மூன்றாம் குளிர்காலத்தில் 17 இன்ச் செட் லாபத்துக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கராஜுக்குப் போகிறவருக்கோ ஆறாம் வருஷம்வரை ஆகும், அதற்குள் டயரே தேய்ந்துவிடும். ஆக “தனி ரிம் வாங்கினால் காசு மிச்சம்” என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மைதான். நான் வாங்கியது காசுக்காக அல்ல. வருஷத்துக்கு இரண்டு தடவை டயரின் ஓரத்தை நெம்பி எடுத்தால் அந்த ஓரம் என்ன பாடுபடும், ரிம்மில் எத்தனை கீறல் விழும்? அப்புறம் ரோட்டு உப்பு. கோடையில் போடுகிற பளபள ரிம்மை, அதிலும் முகப்பை இயந்திரத்தில் சீவி மெருகேற்றிய வகையை, ஐந்து மாதம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு வந்துவிடும். அது வந்தபின் லேசில் போகாது. வளைந்த 18-ஐ நிமிர்த்த நான் கொடுத்த காசையும் சேர்த்தால் அந்த வழி எனக்கு முடிந்துபோன கதை.

எனவே 17. இந்த வண்டிக்கு இதுதான் நடு வழி என்பதால் அல்ல, 340 பிரேக்குக்கு மேல் ஏறும் மிகச் சின்ன சக்கரம் இதுதான் என்பதால். பனிக்காலத்துக்கு எது மிகச் சின்னதாக ஏறுமோ அதைப் போடு, இதுதான் அண்ணனின் சூத்திரம். ஃபோக்ஸ்வாகன் மட்டுமல்ல, பெரிய பிரேக் உள்ள எந்த ஹேட்ச்பேக்குக்கும் இதே கேள்வியில் இருந்து தொடங்கலாம்.

ரிம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு, அதில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. கோல்ஃபுக்கு ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டம், நடுத்துளை 57.1 மி.மீ. வெளிக்கம்பெனி ரிம்கள் பல வண்டிகளுக்கும் பொருந்துவதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள், அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். இது தொல்லை, அவ்வளவுதான். ஆபத்து போல்ட்டில் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் சொந்த ரிம்முக்கு வரும் போல்ட்டின் தலைக்கு அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். வெளி ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவம் வேண்டும். இரண்டின் மரையும் ஒன்றேதான், அதனால் மாற்றிப் போட்டாலும் அழகாக உள்ளே போகும், இறுகின மாதிரியும் தெரியும். ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடுவது மயிரிழை அகலத்துக்குத்தான், ஓட ஓடத் தளர ஆரம்பிக்கும். ரிம்மோடு சேர்த்து அதற்குரிய இருபது போல்ட்டுகளையும் வாங்கிவிடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி, இந்தத் தலைமுறை கோல்ஃபில் டயர் காற்றழுத்தத்தை ஏபிஎஸ் சென்சார் வழியாகத்தான் கணிக்கிறது, சக்கரத்துக்குள் தனி சென்சார் கிடையாது. புதுச் செட்டைப் போட்டு, திரையில் ஒரு தடவை பதிவு செய்தால் முடிந்தது. சக்கரத்துக்குள் சென்சார் வைத்த வண்டிகளுக்கு நான்கு சென்சாருக்கும் சேர்த்து இன்னொரு செலவு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது டயர்.

ஆல்-சீசன் என்பதைப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுக ஆரம்பிக்கும், டயரின் பக்கத்தில் ‘எம் + எஸ்’ (சகதி, பனி) என்று எழுதியிருப்பது பள்ளங்களின் வடிவத்தைப் பற்றிய பேச்சே தவிர, பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. மூன்று சிகரம் போட்ட மலை, அதற்குள் பனித்துகள், இந்தச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 1999-இல் வந்தது. அதுவும் கெட்டிப்பட்ட பனியில் வண்டி எவ்வளவு நன்றாகக் கிளம்புகிறது என்பதை மட்டும் சோதித்துத் தரப்படும் சின்னம், பிரேக் பிடிப்பதையோ ஐஸையோ அது சோதிப்பதில்லை. அதனால் அந்தச் சின்னம் இருக்கும் எல்லா டயரும் சமம் என்று நினைத்தால் தப்பு. குறைந்தபட்சத் தகுதி அது, அவ்வளவே.

அந்தச் சின்னத்தோடு மூன்று கட்சிகள் நிற்கின்றன.

முதல் கட்சி ஆல்-வெதர். மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்ஸியஸ், நோக்கியானின் டபிள்யூஆர் வரிசை போன்றவை. வருஷம் முழுக்க ஒரே டயர், மாற்றும் வேலையே இல்லை. அம்மா ஓட்டும் கரோலாவுக்கு, ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், எங்கள் வீட்டு இரண்டாவது வண்டியில் இதுதான் இருக்கிறது. ஆனால் ஜிடிஐ மாதிரி வண்டியை எதற்கு வாங்கினோம்? மே முதல் அக்டோபர் வரை அது வளைவில் ஒட்டிக்கொண்டு போவதற்குத்தானே. ஆல்-வெதர் போட்டால் அந்த ஆறு மாதமும் ஸ்டீயரிங்கில் ஒரு சோம்பல், குளிரில் ஐஸ் மேல் கொஞ்சம் பயம். இரண்டு பக்கமும் பாதி பாதி விட்டுக்கொடுப்பதற்கு இவ்வளவு காசு கொடுத்து இந்த வண்டி தேவையில்லை.

இரண்டாவது கட்சிதான் ஸ்போர்ட்டி கார்க்காரர்களை இழுக்கும்: பெர்ஃபார்மன்ஸ் விண்டர். மிஷெலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சொட்டோஸீரோ வகைகள். ஜெர்மனியின் குளிர்காலத்துக்காகப் பிறந்தவை என்று சொல்லலாம், அங்கே ஈரமான, குளிர்ந்த, பனியில்லாத ஆட்டோபானில் வேகமாகப் போக வேண்டும். வேகக் குறியீடு (டயர் தாங்கும் உச்ச வேகம்) அதிகம், ரப்பர் கொஞ்சம் கடினம், ஸ்டீயரிங் திருப்பினால் உடனே பதில் வரும். டொரோண்டோவின் குளிர்காலத்தை நேர்மையாகப் பார்த்தால் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் இருக்கும்: உப்புப் போட்டு உருக்கிய ஈரத் தார், மேலே சாம்பல் நிற வானம். டவுன்டவுனில் காண்டோ அடுக்குமாடியில் இருந்துகொண்டு, அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி, பெரிய பனி விழுந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான டயர் இல்லை.

நான் கிட்டத்தட்ட இதை வாங்கியிருப்பேன். தடுத்தது என் ஓட்டம். டிசம்பரில் ஒரு தடவையாவது மான்ட்ரியலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு 401 நெடுஞ்சாலையில் ஐந்தரை மணி நேரம். பிப்ரவரியில் பிள்ளைகளின் பனிச்சறுக்குக்காக பேரி நகருக்கு வடக்கே, ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் காற்று பனியை அள்ளிக் கொட்டும் பகுதி அது, பத்து நிமிடம் முன்பு வெயில், இப்போது முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. நூற்றுக்கு எண்பது நாள் எதைப் போட்டாலும் ஓட்டிவிடலாம் என்றால், மிச்சமுள்ள நாட்களுக்காகத்தானே டயர் வாங்குகிறோம்?

ஆக மூன்றாவது கட்சி, ஆணி இல்லாத ஐஸ் டயர். மெத்தென்ற ரப்பர், முகம் முழுக்க பிளேடால் கீறிய மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். ஐஸ் வழுக்குவதே அதன் மேல் இருக்கும் தண்ணீர்ப் படலத்தால்தான், அதனால் மைனஸ் 15-ஐவிட பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் ரோடு அதிக மோசம், இங்கே வந்த புதிதில் எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது. இந்த டயர்களின் வேலையெல்லாம் அந்தத் தண்ணீரை அகற்றுவது.

ஆணி பதித்த டயர் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று கேட்கலாம். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் வடக்கில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, தெற்கில் இருக்கும் நமக்கு இல்லை, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஜப்பானில் ஆணி டயர்கள் தார் ரோட்டைச் சுரண்டிக் கிளப்பிய தூசி தாங்காமல்தான் 1990-இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் அதற்குக் கொஞ்சம் முன்னால், 1988-இல், ப்ளிஸாக்கைக் கொண்டுவந்திருந்தது. ஆணி இல்லாத டயர் இவ்வளவு தூரம் முன்னேறியதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

இந்தக் கட்சிக்குள் என் கடைசிப் பட்டியலில் இருந்தவை மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, ப்ளிஸாக் டபிள்யூஎஸ்90, நோக்கியான் ஹாக்கபெலிட்டா ஆர்5, விலை குறைவாக ஜெனரல் ஆல்டிமேக்ஸ் ஆர்க்டிக் 12. நோக்கியானின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு, 1934-லேயே லாரிக்கு முதல் விண்டர் டயர் செய்தவர்கள், 1936-இல் ஹாக்கபெலிட்டா என்ற பெயரையே தொடங்கியவர்கள், ஃபின்லாந்துக்காரர்களுக்குப் பனியைப் பற்றி நாம் பாடம் எடுக்க முடியாது. விலையும் அந்த மரியாதைக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. ப்ளிஸாக் புதிதாக இருக்கும்போது ஐஸில் அபாரம், அதை ஓட்டிய எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த நுண்துளை ரப்பர் மேல்பாதி சொச்சத்துக்குத்தான், அது தேய்ந்தபின் கீழே இருப்பது சாதாரண ரப்பர். வருஷத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை, அதற்குள் டயருக்கு வயசாகிவிடும். ஒரு குளிர்காலத்திலேயே பத்தாயிரத்தைத் தாண்டும் எனக்குப் பிரச்சினை. எக்ஸ்-ஐஸ் மெதுவாகத் தேயும், நெடுஞ்சாலையில் சத்தமும் குறைவு. முதல் நாள் ஐஸில் ப்ளிஸாக்கைவிட ஒரு மாற்றுக் குறைவாக இருந்தாலும், நாலாவது வருஷம் எது நன்றாக இருக்கும் என்று யோசித்து இதை எடுத்தேன். காசு இறுக்கமாக இருந்திருந்தால் ஆர்க்டிக் 12 வாங்கியிருப்பேன், அதைப் போட்ட அலுவலக நண்பர் யாரும் திட்டிக் கேட்டதில்லை.

அகலம் பற்றி இரண்டு நாள் தூக்கம் போனது. குறுகிய டயர் இளம்பனியையும் சகதியையும் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். அந்தக் கணக்கில் 205/50 ஆர் 17 தான் சரி. ஆனால் அந்த அளவில் நான் கேட்ட கடைகளில் தெரிவு குறைவு, விலையும் அதிகம், 225/45 ஆர் 17 எங்கே கேட்டாலும் இருந்தது. காய்ந்த ரோட்டில் பிரேக்குக்கு 225 உதவும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஓட்டிப் பார்த்ததில், ஆழமான சகதியில் தடம் மாறும்போது ஸ்டீயரிங் லேசாக இழுக்கிறது. அதற்காக வருத்தப்படுகிறேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் கவனிக்காமலும் இல்லை.

ஒன்றை மட்டும் கத்திச் சொல்ல வேண்டும். முன் சக்கரம் ஓட்டும் வண்டிதானே, முன்னால் இரண்டு விண்டர் போட்டால் போதாதா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். போதாது. முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் பிரேக் மிதித்த கணத்தில் வண்டியின் வால் உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். பழைய ஆல்-சீசன் நான்கோடு போவதுகூட இதைவிட மேல், குறைந்தது எந்தப் பக்கம் வழுக்கும் என்றாவது தெரியும். நான்கு, எப்போதும் நான்கு.

சட்டத்தைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. ஒன்டாரியோவில் விண்டர் டயர் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் எல்லா வாகனக் காப்பீட்டு நிறுவனங்களும் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும், பொதுவாக ஐந்து சதவிகிதம் வரை வரும். கேட்டால்தான் தருவார்கள், ரசீதை வைத்துக்கொண்டு போன் போடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், ஆனால் அது அங்கே பதிவான வண்டிகளுக்குத்தான். நம் ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு போனால் அபராதம் போடமாட்டார்கள். மான்ட்ரியல் சித்தப்பா இதை இன்னும் நம்பவில்லை, ஒவ்வொரு நவம்பரிலும் போன் செய்து டயர் மாற்றிவிட்டாயா, போலீஸ் பிடிக்கப் போகிறான் என்கிறார். மாற்றிவிட்டேன் என்று சொன்னால் சித்தியிடம் போனைக் கொடுத்துவிடுவார்.

செகண்ட் ஹேண்ட் செட் வாங்கலாமா? வாங்கலாம், கிஜிஜி விளம்பரத் தளத்தில் அக்டோபருக்கு முன்பே தேடினால் வண்டியை விற்றவர்கள் ரிம்மோடு சேர்த்து நல்ல விலைக்குத் தள்ளிவிடுவார்கள், முதல் பனி விழுந்த பிறகு அதே செட்டுக்கு இருநூறு டாலர் ஏறிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3819 என்றால் 2019-இன் 38-ஆம் வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் நான் தொடமாட்டேன், ரப்பர் இறுகியிருக்கும். பள்ளம் நான்கு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பனிக்கு அது டயரே இல்லை. ரிம்மைத் தரையில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அப்புறம், அது எந்த போல்ட்டோடு வந்தது என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் நவம்பர் முதல் வாரத்தில் மாற்றுகிறேன், காலை வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே நிலைத்ததும். முதல் பனி விழும்வரை காத்திருந்து அன்று கராஜுக்குப் போன் செய்தால் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும். பல வண்டிகளில் மாதிரி ஃபோக்ஸ்வாகனில் சக்கரத்தை மாட்ட மரைக்கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்காது, போல்ட்டைத்தான் உள்ளே விட வேண்டும், அதனால் குளிரில் பதினாறு, பதினெட்டு கிலோ சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துளையைத் தேடுவது கொடுமை. ஒரு துளையில் தற்காலிகமாகத் திருகிக்கொள்ள ஒரு நீளக் கம்பி கிடைக்கும், அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டு மற்ற நான்கையும் போடலாம், இருபது டாலர்கூட ஆகாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், என் வண்டிக்கு 120 நியூட்டன் மீட்டர், நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு தடவை. குளிர் ஐந்தாறு டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும், எனவே வெதுவெதுப்பான கராஜில் அடித்த காற்று மைனஸ் 15-இல் கணிசமாகக் குறைந்திருக்கும், மாதம் ஒரு தடவை பாருங்கள்.

ஓட்டுவதில் என்ன மாறியது? ஸ்டீயரிங் மந்தம், காய்ந்த ரோட்டில் வளைவில் வண்டி லேசாக நெளியும், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பனியில் இரண்டாவது கியரில் கிளம்பப் பழகிக்கொண்டேன், முதல் கியரில் அந்த டர்போ எந்த டயரையும் சுழற்றிவிடும். போன ஜனவரியில் அதே சிக்னல், அதே மாதிரி காலை, பிரேக் மிதித்தேன், ஏபிஎஸ் ஒரு தடவை முனகியது, வண்டி நின்றது.

18 இன்ச் செட் ஏப்ரல் பாதி வரை நிலவறையில், கழுவித் துடைத்து ஒன்றின் மேல் ஒன்றாக. அதன் இருபது போல்ட்டுகளும் பழைய ஊறுகாய் பாட்டிலில், மூடியில் மார்க்கரால் ‘கோடை – உருண்டைத் தலை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கூம்புத் தலைக்கு இன்னொரு பாட்டில். மனைவிக்குத் தெரியாமல் எடுத்ததால் உள்ளே இன்னும் கொஞ்சம் மாங்காய் வாசம் அடிக்கிறது.